பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கனடாவின் சுயாதீன பொட்காஸ்ட்களும் சமூக வானொலிகளும்

ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போன மாதம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். "அண்ணை, கனடாவிலை இருக்கிற நல்ல இண்டிபென்டன்ட் பொட்காஸ்ட் பத்து எடுத்து வைச்சிருக்கிறன். சரியோ எண்டு ஒருக்கா பாருங்கோ." பார்த்தேன். பத்தில் ஆறு சி.பி.சி.யுடையவை. இன்னொன்று பெரிய தொலைபேசி நிறுவனமொன்றின் ஊடகப் பிரிவு நடத்துவது. மிச்சம் மூன்றுதான் அவன் தேடியது.

அவனைக் குறை சொல்லவும் ஏலாது. தேடுபொறியில் கனேடிய பொட்காஸ்ட் என்று அடித்தால் சி.பி.சி.தான் முன்னால் வந்து நிற்கும். அது பொதுப்பணத்தில் நடக்கும் தேசிய ஒலிபரப்பு நிறுவனம். அதன் நிகழ்ச்சிகள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. பெற்றோரிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுக்கப்பட்டுத் தொலைந்துபோன ஒரு கிறீ பூர்வகுடிச் சிறுமியைத் தேடி கொனி வாக்கர் என்ற பத்திரிகையாளர் 2018இல் செய்த தொடரை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அதுவும் சி.பி.சி.தான். பிறகு 2023இல் அவருக்குப் புலிட்சர் பரிசு வாங்கிக் கொடுத்த தொடர், அப்போது ஸ்பொட்டிஃபைக்குச் சொந்தமாக இருந்த கிம்லெட் என்ற பொட்காஸ்ட் நிறுவனத்தில் வந்தது. இரண்டுமே அருமையான வேலை, ஆனால் சுயாதீனம் என்ற கணக்கில் இரண்டும் வராது.

சுயாதீனம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு கனடாலேண்ட் என்ற பொட்காஸ்டைச் சொல்லலாம். ஜெஸ்ஸி பிரவுன் என்ற பத்திரிகையாளர் 2013இல் தனியாளாகத் தொடங்கினார். நாட்டின் ஊடகங்களையே விமர்சிப்பதுதான் அதன் வேலை. அடுத்த ஆண்டிலிருந்து கேட்பவர்கள் மாதாமாதம் கொடுக்கும் சிறுதொகையில் ஓடத் தொடங்கியது. 2018இல் அவர்கள் வெளியிட்ட 'தண்டர் பே' தொடரை பூர்வகுடி நகைச்சுவைக் கலைஞர் றயன் மக்மான் தொகுத்து வழங்கினார். வட ஒன்ராறியோ நகரொன்றில் பூர்வகுடிப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்ததைப் பற்றியது அது. பெரிய ஊடகங்களை நம்பியிருப்பவர் பெரிய ஊடகங்களைத் திட்டி ஒரு நிகழ்ச்சி நடத்த முடியாது. காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். எளிய வழி, எந்த பொட்காஸ்டிலும் கடைசி ஒரு நிமிடத்தை ஓடவிட்டுக் கேட்பது. யார் தயாரித்தார்கள், யார் பணம் போட்டார்கள் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். நாங்கள் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறோம்.

பெயரும் ஏமாற்றும். ரொறன்ரோவில் 88.1 எஃப்.எம்.மில் 'இன்டி88' என்று ஒரு வானொலி இருக்கிறது. இண்டிபென்டன்டின் சுருக்கம்தானே என்று நினைப்போம். அது வர்த்தக வானொலி, ஒலிபரப்புவது இன்டி வகை றொக் இசை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 88.1இல் முன்பு இருந்தது ஒரு உண்மையான வளாக வானொலி, அதாவது பல்கலைக்கழக வளாகத்திலிருந்து நடக்கும் சமூக வானொலி: ரயர்சன் பல்கலைக்கழகத்தின் சி.கே.எல்.என். உள்ளே குழுச்சண்டை, நிர்வாகக் குழப்பம், விதிமீறல்கள் என்று இழுபட்டு, 2011 ஜனவரியில் ஒலிபரப்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி. அதன் உரிமத்தைப் பறித்தது. காலியான அலைவரிசைக்குப் பலர் போட்டி போட்டு, கடைசியில் அது இன்டி88இன் கைக்குப் போனது. ஆக, சமூக வானொலி என்றால் கேள்வி கேட்க ஆளில்லாத இடம் என்று நினைப்பதும் பிழைதான்.

எங்கள் ஆட்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. தமிழில் சமூகம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. தமிழ்ச் சமூகத்துக்காக நடக்கும் வானொலி என்பதால் ஸ்கார்பரோவில் தமிழ் ஒலிபரப்பும் எல்லாவற்றையும் சமூக வானொலி என்றுவிடுகிறோம். 101.3இல் வரும் சி.எம்.ஆர். பல இன மக்களுக்கான வானொலிதான், ஆனால் அதன் உரிமம் வர்த்தக உரிமம். கனடாவின் 1991ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டம் பொது, தனியார், சமூகம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாவது வகை இலாப நோக்கில்லாதது, தொண்டர்களால் நடப்பது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: உறுப்பினராகச் சேர்ந்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உங்களால் கை தூக்க முடியுமா? முடியுமென்றால் அது சமூக வானொலி. முடியாவிட்டால், எவ்வளவு பாசமாக "வணக்கம் உறவுகளே" என்றாலும், நீங்கள் அங்கே வாடிக்கையாளர்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். மாதிரியான நிலையங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, சமூக வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லாது என்ற எண்ணம் இருக்கும். இந்தியாவில் ஆகாசவாணி தருவதைத்தான் சொல்லலாம். கனடாவில் அந்தக் கட்டு இல்லை. சொல்லப்போனால், வாரத்தில் 15 விழுக்காடாவது உள்ளூரிலேயே தயாரித்த பேச்சு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று சி.ஆர்.ரி.சி.யின் 2010ஆம் ஆண்டுக் கொள்கை கேட்கிறது. நகரசபைக் கூட்டம், வாடகைப் போராட்டம், சிறைக்கைதிகளின் குரல் எல்லாம் இந்த நேரத்துக்குள்தான் நுழைகின்றன.

எழுத்து மயக்கம் ஒன்று உண்டு, நானே விழுந்தது. கனேடிய நிலையங்களின் அழைப்பெழுத்து, அதாவது நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துப்பெயர், கிட்டத்தட்ட எல்லாமே 'சி'யில் தொடங்கும். சி.ஐ.யு.ரி. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துடையது, 89.5. சி.கே.யு.ரி. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்துடையது, 90.3. சி.ஐ.ரி.ஆர். வன்கூவரில். ஒட்டாவாவில் 1975இலிருந்து எஃப்.எம்.மில் இருக்கும் சி.கே.சி.யு. வேறு. ஒரு நிகழ்ச்சியைத் தேடி மூன்று கிழமை மொன்றியலுக்குப் பதிலாக ரொறன்ரோ நிலையத்தின் ஒலிக்களஞ்சியத்தைத் துழாவியிருக்கிறேன். அழைப்பெழுத்தோடு ஊரையும் எழுதி வையுங்கள். நேரத்தையும்தான். வன்கூவரில் மாலை ஐந்து என்றால் ரொறன்ரோவில் இரவு எட்டு. நியூஃபண்ட்லாந்து இன்னும் ஒன்றரை மணி முன்னால் நிற்கும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு முடிவுக்கு வருவது. நண்பர் ஒருவர் வளாக வானொலியைக் காரில் போட்டார். யாரோ குழாய்க்குள் இரும்பு உரசுவதுபோல ஒரு சத்தம், பதினொரு நிமிடம். "இதைத்தானா ஐசே பெரிசாச் சொன்னனீர்?" என்று மாற்றிவிட்டார். அது பரிசோதனை இசைக்கான நேரம். அடுத்த மணியில் கரீபியன் பாட்டு வந்திருக்கலாம், அதற்கடுத்ததில் சோமாலி மொழியில் பேச்சு. வர்த்தக வானொலி நாள் முழுக்க ஒரே முகத்தோடு இருக்கும். இங்கே மணிக்கு மணி ஆள் மாறும், மொழி மாறும், மைக்குக்குப் பக்கத்தில் வாய் இருக்கும் தூரமும் மாறும். நிலையத்தைப் பின்தொடர்வதைவிட நிகழ்ச்சியைப் பின்தொடர்வதே இங்கே பயன். ராப் பாடகர்களையே திகைக்கவைக்கும் நேர்காணல்களால் யூரியூப்பில் உலகப் புகழ்பெற்ற நார்ட்வாரைப் பலருக்குத் தெரியும். அவர் 1987இலிருந்து சி.ஐ.ரி.ஆரில் தொண்டராக நிகழ்ச்சி செய்பவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பொட்காஸ்ட் செயலியில் தேடி இல்லையென்றதும் நிகழ்ச்சியே நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வானொலியில் பாட்டுப் போடுவதற்கு நிலையம் கட்டும் உரிமைத்தொகை, அந்தப் பாட்டைத் தரவிறக்கக் கொடுப்பதற்குச் செல்லாது. பேச்சு நிகழ்ச்சிகள் செயலிக்கு வருவதும், இசை நிகழ்ச்சிகள் நிலையத்தின் சொந்தத் தளத்தில் ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் தேடிப் பிரயோசனமில்லாமல் போகலாம். செய்திக்காக ஊடகங்களுக்குக் காசு கொடுக்கச் சொன்ன இணையச் செய்திச் சட்டத்தோடு மோதிக்கொண்டு 2023 ஓகஸ்டில் மெட்டா நிறுவனம் கனடாவில் செய்திகளை மறைக்கத் தொடங்கியபோது வளாக வானொலிகளும் அதில் அகப்பட்டன. நிலையத்தின் மின்னஞ்சல் மடலில் சேர்வது பழைய முறைதான், ஆனால் வந்து சேரும்.

அதே 2023இல் இன்னொரு புரளி. இணைய ஒலிபரப்புச் சட்டம் வந்தவுடன் "இனிப் பொட்காஸ்ட் செய்ய அரசாங்கத்திடம் பதிய வேணுமாம்" என்று வட்சப்பில் ஓடியது. பதிவு, கனடாவில் ஆண்டுக்கு ஒரு கோடி டொலருக்குக் குறையாமல் வருமானமுள்ள இணைய சேவைகளுக்கு. சமையலறை மேசையில் மைக் வைத்துப் பேசுபவருக்கு இல்லை.

ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பாதி நாட்டை விட்டுவிடுவீர்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் பொட்காஸ்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக 'பலாடோ' என்பார்கள். காதில் மாட்டித் திரியும் வாக்மனுக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 2004இல் அங்குள்ள மொழி அலுவலகம் உருவாக்கிய சொல்லின் சுருக்கம் அது. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள், வேறு ஒரு உலகமே வரும். வட ஒன்ராறியோவில் வவாட்டே என்ற பூர்வகுடி ஊடக அமைப்பு 1974இலிருந்து இருக்கிறது. கிறீ, ஒஜிப்வே, ஒஜி-கிறீ மொழிகளில் அதன் வானொலி பேசுகிறது. சில பூர்வகுடி நிலையங்களில் வானொலி வழியே பிங்கோ என்ற எண் விளையாட்டு நடக்கும். நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம், நிலையத்துக்கு அதுவும் ஒரு வருமானம்.

கேட்டுக் கேட்டு ஆசை வந்து, நீங்களே ஒரு நிகழ்ச்சி செய்யப் போகிறீர்கள் என்றால், போன முதல் நாளே நேரம் கேட்காதீர்கள். நான் கேட்டேன். பயிற்சி ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் சிரித்துவிட்டு, சிடி அலுமாரியை அகரவரிசையில் அடுக்கச் சொன்னார். இரண்டு மாதம் அடுக்கினேன். பிறகு ஒரு தாளைத் தந்தார். பாட்டின் பெயர், பாடியவர், எந்த வகை, கடைசிக் கட்டத்தில் கனேடியப் பாட்டா என்று ஒரு கேள்வி. பொதுவான பாட்டுகளில் 35 விழுக்காடு கனேடியமாக இருக்க வேண்டும், உலக இசை போன்ற சிறப்பு வகைக்கு 12. இதில் பெரிய ஆட்களே வழுக்கியிருக்கிறார்கள். கனேடியப் பாடகர் பிரையன் அடம்ஸின் 1991 ஆல்பம், வெளிநாட்டவர் ஒருவரோடு சேர்ந்து எழுதியதால், கனேடியக் கணக்கில் சேரவில்லை. அவர் கொதித்தார், பிறகு விதியைத் திருத்தினார்கள்.

நான் கொண்டுபோயிருந்தது முழுக்க இளையராஜா. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் கனடாக்காரர் யார்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தேடினேன். ஸ்கார்பரோவில் ஒரு நிலவறையில் நாலு பொடியள் சேர்ந்து பதிந்த, மூன்றே பாட்டுள்ள ஒரு சிடி, மனைவியின் பழைய பெட்டிக்குள் கிடந்தது. அடுத்த கிழமை அதைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்தில் முதல் சரி போட்டேன்.