உணர்ச்சியைக் காட்டாதவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ரிசர்வ்ட் முதல் ஸ்டோயிக் வரை

ஒருவர் உணர்ச்சியை வெளியே காட்டவில்லை. இதை ஆங்கிலத்தில் எழுத அகராதியைத் திறந்தால் ரிசர்வ்ட், ரெட்டிசென்ட், இம்பாசிவ், கம்போஸ்ட், ஸ்டோயிக், அலூஃப் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். பொருள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால், பாராட்ட நினைத்தவரைத் திட்டிவிட்டு வர நேரிடும். அலட்டிக்கொள்ளாத மேலதிகாரியை ஸ்டாலிட் என்று எழுதினால், மந்தமான ஆள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அழுத்தக்காரர், அமுக்குணி, கல்லுளிமங்கன், விட்டேத்தி ஆகிய நான்கு பேருமே மனதில் இருப்பதைக் காட்டாதவர்கள்தான். ஆனாலும் எந்தச் சொல்லை யாருக்குச் சொல்லலாம் என்பதில் நமக்குக் குழப்பமே வராது. நம் காதை அதுபோல ஆங்கிலத்துக்கும் பழக்கலாம். ஒவ்வொரு சொல்லிடமும் சில கேள்விகள் கேட்டால் போதும்.

படி 1: பூட்டு எங்கே தொங்குகிறது?

வாயிலா, முகத்திலா, மனதிலா, பழகும் விதத்திலா? முதலில் இதைப் பாருங்கள்.

வாயில் என்றால் ரெட்டிசென்ட் அல்லது டாசிடர்ன். ரெட்டிசென்ட் பெரும்பாலும் ஒரு விஷயத்தைப் பற்றியது. மற்றதெல்லாம் கலகலவென்று பேசுவார், தன் இளமைக்காலம் என்று வந்தால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அதனால்தான் இச்சொல்லுக்குப் பின்னால் அபவுட் அடிக்கடி வரும். தயங்குகிறார் என்ற பொதுப் பொருளிலும் இப்போது பலர் இதை எழுதுகிறார்கள். புதிதாகக் கற்பவர் பேச்சுத் தயக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. டாசிடர்ன் என்பதோ எதிலுமே அதிகம் பேசாத சுபாவம். 1923 முதல் 1929 வரை அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜுக்குச் சைலன்ட் கேல் என்றே பட்டப்பெயர். டாசிடர்ன் என்ற சொல் அப்படிப்பட்டவருக்குத்தான்.

முகத்தில் என்றால் இம்பாசிவ். முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பதோடு இதன் வேலை முடிந்தது, உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லாது. இதையும் இம்பாஷண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அது உணர்ச்சி பொங்கப் பேசுவதைக் குறிக்கும்.

மனதில் என்றால் படி 2-ஐப் பாருங்கள். பழகும் விதத்தில் என்றால் ரிசர்வ்ட், அலூஃப். இவற்றுக்குப் படி 3-இல் வருவோம்.

படி 2: உள்ளே உணர்ச்சி இருக்கிறதா?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கம்போஸ்ட் என்றால் உள்ளே கலக்கம் இருக்கலாம், ஆனால் ஆள் தன் வசத்தில் இருக்கிறார். ஃப்ளெக்மாட்டிக் என்றால் எளிதில் உசுப்ப முடியாதவர். உடலில் ஓடும் நான்கு நீர்களே குணத்தைத் தீர்மானிக்கின்றன என்று நம்பிய பழைய கிரேக்க மருத்துவத்தில் கபம் மிகுந்தவருக்குச் சொன்னது அது. அபதெடிக் என்றால் அக்கறையே இல்லை, நம் விட்டேத்தி.

ஸ்டோயிக் என்ற சொல்லைத்தான் இன்று கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்துகிறார்கள். தாங்குவதற்கு ஒரு வலியோ இழப்போ இருந்தால்தான் அது பொருந்தும். சும்மா அமைதியாக உட்கார்ந்திருப்பவர் ஸ்டோயிக் ஆகிவிட மாட்டார். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் ஜீனோ என்ற தத்துவ அறிஞர் பாடம் சொன்னார். அந்த மண்டபத்துக்கான கிரேக்கச் சொல்லான ஸ்டோவாவிலிருந்து வந்த பெயர் இது. ஆட்டிப்படைக்கும் உணர்ச்சிகளிலிருந்து விடுபட்ட நிலையை அவர் வழிவந்த ஸ்டோயிக்குகள் அபதெய்யா என்று போற்றினார்கள். அதே வேரில் வந்த அபதெடிக் இன்று குறை சொல்லும் சொல். பிறந்த இடத்தை வைத்துப் பொருளை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

படி 3: பாராட்டா, குறையா?

ரிசர்வ்ட், அலூஃப் இரண்டுமே ஒதுங்கி இருப்பவருக்கு உரியவை. ரிசர்வ்ட் என்றால் அது அவர் இயல்பு, மரியாதையோடு விட்டுவிடலாம். அலூஃப் என்றால் பட்டும் படாமல் இருக்கிறார், நம்மோடு ஒட்ட மனமில்லை என்ற மனத்தாங்கல் சொல்பவரிடம் இருக்கிறது. கரையை விட்டு விலக்கிக் கப்பலைக் காற்றின் பக்கம் திருப்பும் மாலுமிகளின் பேச்சிலிருந்து வந்த சொல் அது. அந்த விலகல் இன்றும் அதில் இருக்கிறது.

எதற்கும் பதறாதவரைக் குறிக்கும் அன்ஃப்ளாப்பபிள் முழுக்கப் பாராட்டு. பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு மேக்மில்லனோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி. 1958 ஜனவரியில் அவருடைய நிதியமைச்சரும் அத்துறையின் இரண்டு அமைச்சர்களும் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள். அவரோ அதை உள்ளூர்ச் சிக்கல் என்று சொல்லிவிட்டு வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பிப் போனார்.

படி 4: ஒரே காட்சியில் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள்

மருத்துவர் ஒரு பெண்ணிடம் பயாப்ஸி முடிவைச் சொல்கிறார், புற்றுநோய்தான் என்று. அந்தப் பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்கிறார். விரல் லேசாக நடுங்கியும் குரல் பிசிறவில்லை என்றால் கம்போஸ்ட். மருத்துவரால் அவர் முகத்தைப் படிக்கவே முடியவில்லை என்றால் இம்பாசிவ். ஸ்டோயிக் என்று இன்னும் சொல்லக் கூடாது. மாதக்கணக்கில் சிகிச்சையின் வேதனையை முனகாமல் தாங்கினால் அப்போது சொல்லலாம். நண்பர்கள் கேட்டும் நோயைப் பற்றிப் பேசாமல் நழுவினால் ரெட்டிசென்ட். விஷயம் தெரியாத சக ஊழியர் அவரை அலூஃப் என்பார், அது அந்த ஊழியரின் பார்வை. அபதெடிக் மட்டும் பொருந்தவே பொருந்தாது, அடுத்த தேதியைக் கேட்டுவிட்டாரே!

இதுபோல நீங்களே ஒரு காட்சி எழுதி, ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் படியுங்கள். வெறும் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது மனதில் நிற்கும்.

படி 5: வினைச்சொற்கள்

சப்ரெஸ் என்பது தெரிந்தே அடக்குவது, சிரிப்பையும் கொட்டாவியையும்கூட. ரெப்ரெஸ் என்றால் உளவியலில், ஃப்ராய்டின் வழியில், தனக்கே தெரியாமல் மனதின் அடியில் தள்ளிவிடுவது. ரிஸ்ட்ரெயின் கோபத்துக்கு நன்றாகப் பொருந்தும். அதன் பெயர்ச்சொல் ரிஸ்ட்ரெயின்ட், இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று நாடுகள் விடும் அறிக்கைகளில் தவறாமல் வரும்.

அப்புறம், எழுதியதை அனுப்பும் முன் மொழி கற்பவர்களுக்கான அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். டிஸப்ரூவிங் என்ற குறிப்பு இருந்தால் அது குறை சொல்லும் சொல். குறிப்பு இல்லையென்றால் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அந்தச் சொல் யாரோடு, எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.