தி கேதரிங்கின் இரட்டை ஆல்பத்தை முதல்முறை கேட்பவர்களுக்கு

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த ஆல்பம் இது. நெதர்லாந்தைச் சேர்ந்த தி கேதரிங் என்ற ராக் இசைக்குழு 1998ல் இரண்டு சிடி தட்டுகளாக வெளியிட்ட 'ஹௌ டு மெஷர் எ பிளானட்?'. என்னிடம் இருந்த சின்ன எம்பி3 பிளேயர் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டது. முதலில் 'ஃபிரெய்ல்', அடுத்து 'கிரேட் ஓஷன் ரோடு', மூன்றாவதாக ஆல்பத்தின் பெயரையே கொண்ட 28 நிமிடத் தடம். இரண்டாம் தட்டின் கடைசியில் வர வேண்டியது அது. நீண்டுகொண்டே போகும் கருவியொலியும் இரைச்சலும்தான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்து அணைத்துவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் முதல் வேலையாக, பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிட்டு, பாட்டுகள் ஆல்பத்தின் வரிசையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆல்பத்துக்குள் போகும் முன் இதே குழுவின் ஒரு பழைய பாட்டைக் கேட்டாக வேண்டும்: 1995ல் வந்த 'மாண்டிலியன்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'ஸ்ட்ரேஞ்ச் மெஷின்ஸ்'. ருட்டன் சகோதரர்கள் 1989ல் ஓஸ் என்ற ஊரில் தொடங்கிய குழு இது. ஆரம்பத்தில் உறுமல் குரலோடு டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த மெட்டல் இசை வாசித்தார்கள். ஆனேக்கே வான் கீர்ஸ்பெர்கன் பாட வந்ததும் எல்லாம் மாறியது. அந்தக் காலத்துக் காதிக் மெட்டலில், அதாவது இருண்ட, சோகமான மெட்டல் வகையில், பெண் குரல் என்றால் பெரும்பாலும் ஓபரா பாணி, பக்கத்தில் ஓர் ஆணின் உறுமல். ஆனேக்கே தனியாக, நெஞ்சைத் திறந்து, நேராகப் பாடினார். 'ஸ்ட்ரேஞ்ச் மெஷின்ஸ்' பாட்டில் அவர் குரலுக்குப் பின்னால் கிடார்கள் ஒரு மதில்போல நிற்கும். மூன்றே வருஷத்தில் அந்த மதிலை அவர்களே இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் கிடைத்த வெட்டவெளிதான் இந்த ஆல்பம். மதில் இருந்தது தெரியாவிட்டால் வெளியின் அருமையும் தெரியாது.

சரி, இப்போது ஒலியளவு. 'லிபர்ட்டி பெல்' பாட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டு, காது கூசாத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதைத் தொடவே வேண்டாம். 'மை எலெக்ட்ரிசிட்டி' மெல்லிய பாட்டு, மூன்றரை நிமிடம்தான். அது வரும்போது கை தானாக ஒலியைக் கூட்டப் போகும். கூட்டினால் அடுத்து வரும் 'லிபர்ட்டி பெல்' அறைந்துவிடும். பிளேயரின் ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட், அதாவது அடித்தள ஒலியை ஏற்றும் வசதி, இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பேஸ் ஏற்கெனவே கனமானது. இன்னும் ஏற்றினால் பாடகி மூச்சு எடுக்கும் சத்தம் அமுங்கிப்போகும். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அந்த மூச்சுதான்.

இரவில், விளக்கை அணைத்து, ஹெட்ஃபோனில் முதல் தட்டை மட்டும் கேளுங்கள். சுமார் 54 நிமிடம். வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம், அது இரண்டாம் முறைக்கு இருக்கட்டும். இடையில் எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் நகர்வதுபோலத் தோன்றும், சலிப்புகூட வரலாம். எழுந்து போய்விடாதீர்கள். அந்த மந்தமான நடை கடைசிப் பாட்டான 'டிராவல்' வரைக்கும் உங்களைத் தயார்ப்படுத்துகிறது. ஒன்பது நிமிடம். அமைதியாகத் தொடங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, முடிவில் எல்லாக் கருவிகளும் அலையாக எழும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அது முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். உடனே வேறு எதையும் போடாதீர்கள்.

இரண்டாம் தட்டு இன்னொரு நாளைக்கு. 'ப்ராபப்லி பில்ட் இன் தி ஃபிஃப்டீஸ்' பாட்டில் பழைய மெட்டலின் சூடு திரும்பி வரும். கடைசியில் அந்த 28 நிமிடத் தடம். அதைப் பாட்டாக நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஒலியைக் குறைத்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கை வேலை ஏதாவது செய்யுங்கள். நான் துணி மடிப்பேன். வெளியே மழை பெய்வதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் பிடித்திருந்தால் அடுத்து 2003ல் வந்த 'சூவனீர்ஸ்'. அதையும் இரவில்தான்.