புல்லுருவி முதல் சுடுமல்லி வரை: ஒட்டுண்ணிப் பூச்செடிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுண்ணிப் பூச்செடி ஒன்றைப் படமெடுத்து அனுப்பி யாராவது பெயர் கேட்டால், படத்தில் பெரும்பாலும் பூ மட்டும்தான் இருக்கும். எந்த மரத்தில் இருந்தது, எதன் வேரருகே முளைத்திருந்தது என்று திருப்பிக் கேட்டால், "அதைக் கவனிக்கலையே" என்று பதில் வரும். மற்றச் செடிகளுக்கு இது பரவாயில்லை. ஒட்டுண்ணிக்கு அப்படி இல்லை. அது உறிஞ்சி வாழும் செடியை, அதாவது ஓம்புயிரியைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. கீழே வரும் தவறுகளில் பலவும் இந்த ஒரு அலட்சியத்தில் தொடங்குபவைதான்.

உலகில் சுமார் 4,500 பூக்கும் தாவர இனங்கள் ஒட்டுண்ணிகள். மொத்தப் பூக்கும் தாவரங்களில் இது ஏறத்தாழ 1 சதவீதம். இவை எல்லாம் ஒரே வம்சம் அல்ல. வெவ்வேறு குடும்பங்களில் சுமார் 12 முறை தனித்தனியாக இந்த வாழ்க்கைமுறை தோன்றியிருக்கிறது. ஆகவே ஒன்றைப் பற்றித் தெரிந்ததை அப்படியே இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மரத்தில் இருப்பதெல்லாம் புல்லுருவி அல்ல

கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிற முடவாட்டுக்கால் மரத்திலும் பாறையிலும் பற்றி வளரும் ஒரு பெரணி. மரக்கிளையில் பூக்கும் ஆர்க்கிட்டுகளும் அப்படித்தான். இவை மரத்தை உட்கார இடமாக மட்டுமே வைத்துக்கொள்கின்றன. மழைநீரும் மட்கிய இலையும் இவற்றுக்குப் போதும். பனைமரத்தைச் சுற்றி இறுக்கும் ஆலங்கன்றுகூட ஒட்டுண்ணி அல்ல. பனையை அது நெருக்கும், நிழலில் தள்ளும், ஆனால் அதன் சாற்றை எடுக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் "மரத்தைக் காப்பாற்றுகிறேன்" என்று ஆர்க்கிட்டுகளைப் பிய்த்து எறிகிறவர்கள் உண்டு.

சந்தேகம் வந்தால் இரண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். புல்லுருவி தன் உறிஞ்சு வேரைக் கிளையின் மரப்பகுதிக்குள்ளேயே செலுத்தியிருக்கும். அந்த இடம் பெரும்பாலும் முடிச்சுப் போலப் பருத்திருக்கும். அதைத் தாண்டிக் கிளையின் நுனிப்பக்கம் மெலிந்தோ காய்ந்தோ போயிருப்பதும் சகஜம். ஆர்க்கிட்டின் வேர்கள் பட்டையின் மேலோடு நின்றுவிடும்.

நிறத்தை நம்பி முடிவெடுப்பது

பச்சை இலை இருந்தால் ஒட்டுண்ணி இல்லை என்று நினைப்பது பரவலான தவறு. புல்லுருவிக்கு நல்ல பச்சை இலை உண்டு. தனக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியை அதுவே தயாரித்துக்கொள்ளும். நீரும் தாது உப்பும்தான் மரத்திலிருந்து போகின்றன. சோளப் பயிரின் வேரை உறிஞ்சும் களையான சுடுமல்லியும் பச்சைதான். சந்தன மரமும் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சும் ஒட்டுண்ணிதான் என்பது பலருக்கு இன்றும் புதுச் செய்தி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பச்சை இல்லாததையெல்லாம் காளான் என்று ஒதுக்கிவிடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மரவேர்களின் மேல் முண்டும் முடிச்சுமாகத் தலைநீட்டும் பாலனோஃபோரா காளானைப் போலவே இருக்கும். உண்மையில் அது பூங்கொத்து. அதன் பெண் பூக்கள் பூவுலகிலேயே மிகச் சிறியவற்றில் சேரும். புகையிலைக் காட்டில் முளைக்கிற ஓரோபாங்கியை நம் விவசாயிகள் புகையிலைக் காளான் என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் விதை வைக்கிற பூச்செடியே. இதில் இன்னொரு சிக்கல், இலையில்லாமல் வெளிறிப்போய் நிற்கும் எல்லாச் செடிகளும் வேரொட்டுண்ணி அல்ல. சில ஆர்க்கிட்டுகள் எந்தச் செடியையும் தொடாமல் மண்ணிலுள்ள பூஞ்சையிடமிருந்து உணவை வாங்கிக்கொள்கின்றன.

அம்மையார் கூந்தலும் கொத்தானும்

இரண்டும் இலையில்லாத கொடிகள், இரண்டும் புதர்மேல் நூலாகப் படரும். அதனால் ஒன்றை இன்னொன்றின் பெயரால் அழைப்பது சாதாரணமாக நடக்கிறது. சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது அம்மையார் கூந்தல். கொத்தானோ இலவங்கப்பட்டையின் குடும்பம். முன்னது மஞ்சளாக, மெத்தென்று இருக்கும், ஐந்து மடல் கொண்ட சின்னப் பூக்கள் கொத்தாக வரும், காய் உலர்ந்துவிடும். கொத்தான் கம்பி மாதிரி விறைப்பானது, பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் மாறும், ஒற்றை விதையுள்ள உருண்டைச் சதைக்கனி வைக்கும். கடற்கரை மணல்மேட்டில் பார்த்தால் முதலில் கொத்தானை நினையுங்கள். குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் வயலில் மஞ்சள் நூல் தெரிந்தால் அது அம்மையார் கூந்தல். விதையோடு கலந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அம்மையார் கூந்தலின் நாற்றுக்கு நிலையான வேர் கிடையாது. முளைத்த சில நாட்களில் பிடி கிடைக்காவிட்டால் காய்ந்துவிடும். ஓம்புயிரியை அது வாசனையால் தேடிப்போகிறது என்பதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தக்காளிச் செடியை வைத்துக் காட்டினார்கள். பிடித்த பிறகோ மறுபடி வளரச் சிறு துண்டு போதும். வேலியில் அழகாகப் படரட்டும் என்று ஒரு பிடி பிய்த்துப் போடுகிறார்களே, அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறில்லை.

பக்கத்தில் இருப்பதுதான் ஓம்புயிரி என்று எழுதிவிடுவது

வேரொட்டுண்ணிகளில் இந்தத் தவறு மிக எளிதாக நடக்கும். வேர் எவ்வளவு தூரமும் ஓடும். பூ முளைத்த இடத்துக்கு நேர் மேலே நிற்கும் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் மண்ணையொட்டி மலரும் கிறிஸ்டிசோனியா, குறிஞ்சி இனப் புதர்களின் வேர்களில் வாழ்வது. அதைப் பார்த்தால் சுற்றிலும் குறிஞ்சி வகை எது இருக்கிறது என்று தேட வேண்டும். தோண்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். இழை போன்ற இணைப்பு அறுந்துவிட்டால் பூவும் போயிற்று, ஓம்புயிரி எது என்பதற்கான சான்றும் போயிற்று. சுற்றியுள்ள செடிகளையும் தரையையும் சேர்த்துப் படமெடுத்தாலே அடையாளம் காண்கிறவருக்குப் பெரிய உதவி.

பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கும் ஆசையும் இதே காரணத்தால் வீண். சுமத்திராவில் மிகப் பெரிய பூப் பூக்கும் ராஃப்ளீசியாவுக்கும், அருணாசலப் பிரதேசக் காடுகளில் உள்ள அதன் உறவான சாப்ரியாவுக்கும் திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்று வேண்டும். பூக்கும் நேரம் தவிர மற்றக் காலமெல்லாம் அவை அந்தக் கொடியின் உள்ளே இழைகளாகவே கிடக்கின்றன. கொடியை வெட்டிவிட்டுப் பூவைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னால் அது வெறும் பேச்சு.

மரத்தைப் பார்க்காமல் மருந்துக்குப் பறிப்பது

இது மற்றத் தவறுகளைப் போல இல்லை, உயிர்ப் பிரச்சினை. எந்த மரத்தில் வளர்ந்தது என்பதை வைத்தே புல்லுருவியைப் பிரித்துச் சொல்வது நம் மருத்துவ மரபில் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. எட்டி மரத்தில் வளரும் புல்லுருவியில் எட்டியின் ஸ்ட்ரிக்னின் நஞ்சு சேர்கிறது. அரளியில் வளர்ந்த புல்லுருவியில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அரளி நஞ்சுகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இலை அதே இலை, பூவும் அதே பூ. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பொடியாக விற்பதை வாங்கிக் கஷாயம் வைக்கிறவர்கள் அது எந்த மரத்துப் புல்லுருவி என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

சுடுமல்லி பூத்த பிறகு விழித்துக்கொள்வது

சோளக்காட்டிலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி நம் பக்கம் பெரும்பாலும் வெள்ளைப் பூ. ஆப்பிரிக்காவில் அதே இனம் சிவப்பாகப் பூக்கும். பார்க்கச் சாது. ஆனால் மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதற்கு முன்பே சில வாரங்கள் அது நிலத்தடியில் பயிரை உறிஞ்சியிருக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் சோளம் வாடினாற்போல் நிற்பதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று மேலும் பாய்ச்சுகிறவர்கள் பலர். முளை தெரியும்போது சேதத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

அப்படியானால் பிடுங்கிப் பயனில்லையா? உண்டு, அடுத்த ஆண்டுகளுக்கு. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். ஒவ்வொன்றும் தூசி அளவு, மண்ணில் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். பூத்ததைப் பிடுங்கி வரப்பில் போட்டால் அங்கேயே காய் முற்றி விதை காற்றில் போகும்.

இந்த விதை சும்மா முளைக்காது. பயிரின் வேர் கசியவிடும் ஒரு பொருள் பட்டால்தான் முளைக்கும். அந்தப் பொருளை 1966இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது பருத்தி வேரிலிருந்து, ஸ்ட்ரிகால் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் பருத்தி சுடுமல்லிக்கு ஓம்புயிரியே அல்ல. பிறகு ஏன் ஒரு செடி தன் எதிரியின் இனத்தை எழுப்பிவிடும் பொருளைக் கசியவிட வேண்டும்? 2005இல் விடை வந்தது: அது வேருக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் பூஞ்சையைக் கூப்பிடும் சைகை. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் பயிர் அதிகமாகக் கூப்பிடும், சுடுமல்லியும் அதிகமாக வரும். சத்தில்லாத நிலத்தில் ஆண்டுதோறும் சோளத்துக்குப் பின் சோளமே போடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்தே தெரியும். இடையில் பருத்தி போட்டால் விதை முளைத்து, பற்ற வேர் கிடைக்காமல் சாகும். இந்தச் சைகையைக் குறைவாகக் கசியவிடும் சோள வகைகளும் வந்துவிட்டன. சுடுமல்லியைத் தாங்கும் சோளத்தை உருவாக்கியதற்காகவும் எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

புல்லுருவியை இழுத்துப் பிய்ப்பது, அல்லது எல்லாவற்றையும் அழிப்பது

மாமரத்துப் புல்லுருவியைக் கையால் இழுத்தால் தண்டு மட்டும் வரும். உள்ளே போன உறிஞ்சு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நாம் அதிகம் பார்க்கும் இனம் பட்டைமேல் ஓடுவேரும் விட்டு, வழியெல்லாம் புதிதாகக் குத்திக்கொண்டே போகும். அந்த ஓட்டம் முடியும் இடத்தைத் தேடி, அதற்கும் ஓரடி கீழே கிளையோடு வெட்டுவதுதான் சரி, அதுவும் பழம் பழுக்கும் முன். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, பசைபோல ஒட்டும் விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போய்விடும்.

தோப்பில் இவ்வளவும் சரி. ஆனால் இதையே காட்டிலும் செய்யப் புறப்படுவது அபத்தம். பூக்கொத்திகளுக்கும் தேன்சிட்டுகளுக்கும் புல்லுருவி முக்கியமான உணவு. ஜெசபெல் பட்டாம்பூச்சியின் புழுக்கள் புல்லுருவி இலையில்தான் வளர்கின்றன. புல்லுருவியின் மேலேயே வாழும் இன்னொரு இலையில்லாப் புல்லுருவிகூட இருக்கிறது. முதல் புல்லுருவியை ஒழித்தால் இவை எங்கே போகும்?

சந்தனத்தைத் தனியாக நடுவது

கன்று வாங்கி, களையெல்லாம் சுத்தமாக எடுத்து, அருகில் எதுவும் இல்லாமல் நட்டு, ஏன் வளரவில்லை என்று கேட்பார்கள். நாற்றங்காலில் துவரையோ பொன்னாங்கண்ணியோ அதே பையில் இருப்பது களை அல்ல, சாப்பாடு. அதைப் பிடுங்காதீர்கள். நிலத்தில் நடும்போது சவுக்கு, அகத்தி போன்றவற்றைப் பக்கத்திலேயே வையுங்கள். துவரை ஓரிரு ஆண்டில் போய்விடும், சந்தனத்துக்குத் துணையாக நீண்ட நாள் நிற்கும் மரம் வேண்டும்.