தவில் அடிக்கேக்க நாதஸ்வரம் அமுங்கின பிரச்சினை தீர்ந்த கதை

யாழ்ப்பாணத்து இணுவில்ல ஒரு கோயில் திருவிழாவில ரெக்கோட் பண்ணின நாதஸ்வரம் தவிலை மாஸ்டரிங் (ரெக்கோட்டிங்கைக் கடைசியாச் சீராக்கிற வேலை) செய்யேக்க நாலு நாள் மினக்கெட்டனான். தவிலின்ர தொப்பிப் பக்கம் கம்பு விழுற ஒவ்வொரு தரமும் நாதஸ்வரம் உள்ள போய்த் திரும்பி வரும், மூச்சு விடுற மாதிரி.

சத்தம் ஒரு அளவைத் தாண்டாம முழுசா அமுக்கிற கருவிதான் லிமிட்டர், முதல்ல அதின்ர ரிலீசை (அமுக்கினதை விட எடுக்கிற நேரம்) கூட்டிக் குறைச்சுப் பாத்தன், சரிவரேல்ல. ஈகியூவில (தாழ்ந்த, உயர்ந்த சத்தங்களைத் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கிற கருவி) தாழ்ந்த சத்தத்தை வெட்டினா தவில் தகரம் மாதிரிக் கேட்டுது.

பிறகுதான் மல்ட்டிபாண்ட் லிமிட்டர் போட்டனான், அது சத்தத்தைத் தாழ்ந்தது உயர்ந்தது எண்டு பாண்டுகளாப் பிரிக்கும், தாழ்ந்த சத்தம் ஏறினா அந்த பாண்ட் மட்டும் குறையும், நாதஸ்வரத்தைத் தொடாது. ஆனா அதுவும் முதல்ல சொதப்பிட்டுது. ஒவ்வொரு பாண்டையும் சோலோவில (தனியா) கேட்டாப்பிறகுதான் பிடிபட்டது, நான் குரொஸ்ஓவரை (பாண்டுகள் பிரியிற இடம்) 120 ஹெர்ட்ஸில வச்சிருந்தனான், தொப்பிச் சத்தத்தின்ர உடம்பும் அதைச் சுத்தித்தான், ஒரே அடி ரெண்டு பாண்டாப் பிரிஞ்சு ரெண்டும் வேற வேற மாதிரிக் குறைஞ்சிருக்கு. 250க்கு ஏத்தினோடன அடி முழுசா ஒரு பாண்டுக்குள்ள வந்திட்டுது.

கீழ் பாண்டில கரகரப்பும் இருந்தது. ரிலீஸ் 5 மில்லிசெக்கனில கிடந்தது, 80 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்து முடிய 12.5 மில்லிசெக்கன் வேணும், அப்ப லிமிட்டர் அலையின்ர வடிவத்தையே பிடிச்சு இழுக்குது. 100 ஆக்கினன், போயிட்டுது.

கடைசியா ஒண்டு, பாண்டுகள் திரும்பச் சேரேக்க பீக் (சத்தத்தின்ர உச்சம்) கூடலாம், அதால முடிவில ஒரு சாதாரண லிமிட்டரை, உச்சம் -1 டிபியை (டெசிபல், சத்த அளவு) தாண்டாத மாதிரி, கட்டாயம் போடுங்கோ. இப்ப ரெண்டும் தனித்தனியா வடிவாக் கேக்குது, நிம்மதி.