சாலிம் அலியின் நூலோடு பறவை பார்க்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வல்லுநர்களின் துறையாக இருந்த பறவையியலைச் சாதாரண வாசகரின் வீட்டு வேலிக்கே கொண்டுவந்து சேர்த்தது, இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி எழுதி 1941இல் வெளிவந்த ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’. அதை வாங்கியவுடன் பலரும் செய்யும் தவறு, நிறத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வண்ணப் படங்களைப் புரட்டுவதாகும். சிட்டுக்குருவி, சின்னான், மைனா, புறா, காகம், பருந்து என நாம் அன்றாடம் காணும் பறவைகளோடு ஒப்பிட்டே சாலிம் அலி உருவ அளவைக் குறிக்கிறார். முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. எதிர்வெயிலில் அமர்ந்திருக்கும் பறவை எதுவானாலும் கறுப்பாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் ஊதாத் தேன்சிட்டு தன் மினுமினுப்பை இழந்து, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணைப் போலவே திரியும். உடலெங்கும் புள்ளிகள் கொண்ட பெண் குயிலை வேறேதோ பறவை என்று குறித்துக்கொள்வோரும் உண்டு.

பறவை கண்முன் இருக்கையில் நூலைத் திறக்காதீர்கள். அது பறந்த பிறகு திறக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய தவறு, ஒரே காலையில் எத்தனை பெயர்களைப் பட்டியலில் சேர்த்தோம் என்று எண்ணிக்கொண்டிருப்பது. 1930இல் வேலையின்றி இருந்த சாலிம் அலி, மகாராஷ்டிரக் கடலோரத்துக் கிஹிமில் தூக்கணாங்குருவிக் கூட்டம் ஒன்றையே மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு முடைந்து நிறுத்துகிறது. பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே நுழைவுக் குழலைப் பின்னி முடிக்கிறது. அவள் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டை ஆரம்பிக்கிறது. எல்லோரும் பார்த்துப் பழகிய ஒரு குருவியிடமிருந்து கிடைத்த செய்திகள் இவை; விலையுயர்ந்த கேமரா இல்லாததை ஒரு குறையாகச் சொல்வோருக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது.

கூடுகளைப் பார்ப்பதிலும் ஓர் எல்லை வேண்டும். தெளிவான படத்துக்காக ஒருவர் ஒதுக்கிவிட்ட இலைகள் அப்படியே விலகி நிற்க, அவர் கிளம்பிய சற்று நேரத்தில் அவ்வழியே காகம் முட்டைகளைக் கண்டுகொள்ளும்.