ஸ்லாப் எழுத்தைச் சாய்க்கும்போது செய்யக்கூடாதவை

லேஅவுட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஸ்லாப் செரிஃப் மேல் அப்படியொரு பிரியம். கட்டைக் கால்களோடு அழுத்தமாக நிற்கும் எழுத்து, தலைப்பில் போட்டால் எடுப்பாகத்தான் இருக்கிறது. அதைச் சாய்க்கும்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். ஸ்பெல்லிங், அலைன்மென்ட் சமாச்சாரமெல்லாம் ப்ரூஃப் பார்ப்பவர் பாடு.

இல்லாத இட்டாலிக்கை வரவழைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ரோபோட்டோ ஸ்லாப் என்ற ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனங்களில் கிடைக்கிறது. இட்டாலிக், அதாவது தனியாக வரைந்த சாய்வெழுத்து, மட்டும் கிடையாது. வேர்டில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் அது ‘இல்லை’ என்று சொல்லுமா? நேர் எழுத்தையே பிடித்துத் தள்ளிக் கொடுத்துவிடும். பிரவுசரும் அதே கதைதான். லேஅவுட் மென்பொருளான இன்டிசைன் தேவலை, தானாகச் சாய்க்காது.

இப்படித் தள்ளிய ஆங்கில ‘ஓ’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது மேல்பக்கமும் இடது கீழ்பக்கமும் தடித்திருக்கும், மற்ற இரண்டு பக்கமும் மெலிந்திருக்கும். ‘என்’, ‘எம்’ எழுத்துகளின் கால்கட்டைகள் இருபுறமும் நீட்டிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக வரைந்த இட்டாலிக்கில் அந்தக் கட்டைகளில் பலவற்றை எடுத்துவிட்டு, ஒருபக்கம் மட்டும் சின்ன வால் விடுவார்கள். எழுத்தின் அகலமும் குறையும். 1990இல் வந்த கசீலியா ஃபான்ட்டைப் பார்த்தால் புரியும். கின்டில் மின்நூல் கருவியில் படித்தவர்களுக்கு அது பழகிய முகம். ராக்வெல் ஃபான்ட்டின் இட்டாலிக் சாய்ந்த நேரெழுத்துதான், ஆனால் வடிவமைப்பாளர் கைபட்டது.

ஒரு சமையல் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர்கள் முழுக்க இந்தப் போலிச் சாய்வு. திரையில் யார் கண்ணுக்கும் உறுத்தவில்லை. அச்சுக்கு ப்ளேட் போட்டு முதல் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஓடிய பிறகு, வாடிக்கையாளர் தாளைக் கையில் எடுத்து, “ஏன் சார், இங்கிலீஷ் மட்டும் விழப்போற மாதிரி நிக்குது?” என்றார். நிஜ இட்டாலிக் உள்ள ஸில்லா ஸ்லாபுக்கு மாற்றினால் அகலம் வேறு. வரிகள் நகர்ந்து, பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கம்வரை திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ப்ளேட் காசு தண்டம்.

வெப்சைட்டில் இன்னொரு வேடிக்கை. அதே ஸில்லா ஸ்லாபின் இட்டாலிக் ஃபைலைச் சேர்க்காமல் ரெகுலரை மட்டும் ஏற்றிவிட்டு, கண் முன்னே தெரிவது அசல் என்று நம்புவார்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸ் (font-synthesis) என்பதை ‘நன்’ (none) என்று வைத்துவிடுங்கள். இட்டாலிக் வராவிட்டால் எழுத்து நேராக நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

பழைய கிளாரண்டனில் இட்டாலிக் தேடுவது

1845இல் லண்டனில் வந்த கிளாரண்டன் என்ற ஸ்லாப் எழுத்தே, சாதாரண எழுத்துக்கு நடுவில் அழுத்தம் காட்டப் பிறந்தது. அதற்குள் இன்னொரு அழுத்தம் எதற்கு என்று இட்டாலிக்கை விட்டுவிட்டார்கள்போல. அந்தப் பாணியில் இட்டாலிக் வேண்டுமானால் 2009இல் வந்த சென்டினல் ஃபான்ட் இருக்கிறது, காசு கொடுத்து வாங்குங்கள்.

பத்தி முழுவதையும் சாய்ப்பது

நூல் பெயர், படக்குறிப்பு, நாலு வரி மேற்கோள். அதற்கு மேல் வேண்டாம்.

கூடவே தமிழையும் சாய்ப்பது

தயவுசெய்து வேண்டாம். ஆங்கிலச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாய்க்கச் சோம்பல்பட்டு, வரி முழுவதையும் இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள்.