ஓல்ட் பெய்லி வழக்குப் பதிவை வாசிப்பது எப்படி?

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகளின் அச்சுப் பதிவுகள், 1674 முதல் 1913 வரை, 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விக்டோரியா காலத்துச் சின்னத் திருட்டு வழக்கு பல நேரம் பத்து வரிக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து வரியைத் தவறாக வாசிப்பவர்களே அதிகம்.

1. தேதியை நம்பிவிடாதீர்கள். பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்ட டேனியல் மெக்நாட்டன் வழக்கின் எண் 18430227-874. முதல் எட்டு இலக்கம் அந்த அமர்வு தொடங்கிய நாள், அதாவது 1843 பிப்ரவரி 27. விசாரணை நடந்ததோ மார்ச்சில். பெயரைக் கொண்டு தேடும்போதும் கவனம் வேண்டும். மெக்நாட்டன் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். சிக்காவிட்டால் டிரம்மண்ட் என்று தேடுங்கள்.

2. குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய பதிவில் உள்ள சிறு குறிகளைப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் இருந்தால் அவர் முன்பே காவலில் இருந்தவர். இரண்டு இருந்தால் ஒரு முறைக்கு மேல். சிலுவை போன்ற குறி, கெட்ட சகவாசம் உள்ளவர் என்பதற்கு. ஏழு ஷில்லிங் பொருளுக்கு ஏன் இவ்வளவு தண்டனை என்று திகைக்கும்போது, விடை பெரும்பாலும் இந்தப் புள்ளியளவு அச்சில்தான் இருக்கும்.

3. சாட்சி சொல்லும் போலீஸ்காரர் யார்? பெயருக்குப் பின் எழுத்தும் எண்ணும் சேர்ந்திருந்தால் பெருநகரக் காவல்துறை. எழுத்து அவருடைய பிரிவு. 'எச்' என்றால் கிழக்கு லண்டனின் வொயிட்சேப்பல் பகுதி. 'சிட்டி' எனப்படும் லண்டனின் பழைய மையப் பகுதிக்கான சிட்டி போலீஸ் தனிப்படை, அவர்களுக்கு எண் மட்டும் போட்டிருக்கும்.

4. தண்டனை வரி. இங்கே நிதானம் தேவை. 'டெத் ரெக்கார்டட்' என்று கண்டதும் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1823ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரண தண்டனையை வாய்விட்டு அறிவிக்காமல் ஏட்டில் மட்டும் பதிய நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. அப்படிப் பதியப்பட்டவரின் உயிரைப் பறிக்கும் எண்ணம் நீதிமன்றத்துக்கு இல்லை. தண்டனை நாடுகடத்தலாகவோ சிறையாகவோ குறைக்கப்படும். ஆராய்ச்சி நூல்களிலேயே இந்தத் தவறு நுழைந்திருக்கிறது. ஒரு மனிதரைக் காகிதத்தில் கொன்றுவிடும் தவறு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

'ஏழு ஆண்டு நாடுகடத்தல்' என்றால் உடனே கப்பல் ஏறினார் என்றும் பொருளில்லை. பலர் தண்டனைக் காலத்தை இங்கிலாந்திலேயே சிறைக்கப்பல்களில் கழித்தார்கள். 1853 முதல் கடின உழைப்புச் சிறை, நாடுகடத்தலின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவை 1868இல் அடைந்தது. தண்டனை பெற்றவருக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதை, கைதிகளின் பிற்கால வாழ்க்கைப் பதிவுகளைத் தொகுத்துள்ள 'டிஜிட்டல் பனாப்டிகான்' தளத்தில் அதே பெயரையும் வயதையும் கொடுத்துத் தேடுங்கள். வயது ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும், ஒதுக்கிவிடாதீர்கள்.

5. எண்ணிப் பார்ப்பதானால் 1855ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டுச் சட்டத்தால், குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்தால் ஐந்து ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டை மாஜிஸ்திரேட்டே விசாரித்து முடிக்கலாம் என்றானது. ஆகவே அதன் பிறகு ஓல்ட் பெய்லியில் திருட்டு வழக்குகள் குறைவதைக் கண்டு, லண்டனில் திருட்டே குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. வழக்குகள் வேறு நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.